முதுகில் எழுதிய சொல்

துவரம்பருப்பு அளவுதான், அதற்கு மேல் இல்லை என்று மடத்துக்குளம் கடைவீதியைத் தாண்டும்போது துளசிமணி மறுபடியும் முடிவு செய்துகொண்டாள். வியர்வை துடைக்கிற சாக்கில் துண்டைக் கழுத்துக்குக் கொண்டுபோய், இடது காறையெலும்புக்கு மேலே இருக்கிற குழியில் தட்டுப்படுகிற கட்டியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்ததில் அப்படித்தான் தெரிந்தது. விடியாத இருட்டில் உடுமலையிலிருந்து கிளம்பும்போது பார்த்ததில் மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. ஒரு காலைப்பொழுதுக்குள் மொச்சை எப்படித் துவரையாகும், ஆகாது என்று தெரியாதவளா அவள். பால் சொசைட்டியில் தரம் பார்க்கிற உத்தியோகம். கேனைத் திறந்து ஒரு கரண்டி மொண்டாலே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவாள், மாடு நேத்து ஜாஸ்தி தண்ணி குடிச்சுப் போடுச்சுங்க என்று சமாளிக்கிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் கழுத்து விஷயத்தில் மட்டும் காலைக்கு ஓர் அளவு, மதியத்துக்கு ஓர் அளவு. நடந்தால் சிறுத்துவிடுகிறது, நின்றால் பருத்துவிடுகிறது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். மூடத்தனம் என்று தெரிந்தும் அந்தக் கணக்கை விட மனம் வரவில்லை, ஆகவே நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

அமராவதிப் பாலத்தின் மேல் காற்று வந்தது. காற்று பட்டதும் உள்ளே இடதுபக்கம் மார்பு இருந்த இடத்தில் வைத்திருந்த பஞ்சுத் திண்டு ஈரமாக ஒட்டிக்கொண்டு, தையல் போட்ட தழும்பு ஓரமாக அரித்தது. ரோட்டில் வைத்துச் சொறியவா முடியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரிப்பு நல்லது, தோல் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம் என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்வார். அந்தம்மாதான் முதலில் நட என்றது. மருந்து ஏற்றி முடித்து, தலையில் ரோமம் திரும்ப முளைத்து, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்த நாட்களில், தினமும் நடங்க, நேத்தைவிட நாலு அடி கூட நடங்க, அதுதான் இனி உங்க மருந்து என்றது. முதலில் வாசல் குழாய்வரை. பிறகு ரேஷன் கடைவரை. பிறகு வாய்க்கால் பாலம்வரை. மூச்சு வாங்காமல் வாய்க்கால் பாலத்துக்குப் போய்த் திரும்பிய அன்று, உடம்பு தனக்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குணமானவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட்டபோது இவள் வாய் சும்மா இருந்திருக்கலாம். மைக்கைக் கையில் கொடுத்ததும், படுக்கறவங்களுக்குக் கட்டில் இருக்குதுங்க, கூட வர்றவங்களுக்கு மரத்தடிதானுங்க என்று சொல்லிவிட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த மதியழகன் என்ற பையன், நடைக் குழு ஒன்று வைத்திருப்பவன், எழுந்து வந்து, அக்கா, நீங்க உடுமலையில இருந்து பழனிக்கு ஒரே நாள்ல நடங்க, நான் ஊரெல்லாம் பணம் கேக்கறேன், துணைக்கு வர்றவங்களுக்கு ஒரு கூடம் கட்டிரலாம் என்றான். இத்தனை சுலபமா தம்பி என்று கேட்டாள். நீங்க ஜெயிச்ச ஆளுக்கா, ஜெயிச்ச ஆளு நடந்தா எல்லாரும் குடுப்பாங்க என்றான். அப்படியே நடந்தது. அமெரிக்காவிலிருந்துகூட யாரோ கொடுத்தார்கள். எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் கொடுத்தார்கள். அந்தச் சொல்லைத்தான் அவன் அவளுடைய சட்டை முதுகில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தான். வென்றவள்.

தன் முதுகைத் தான் பார்க்க முடியாது என்பது எத்தனை பெரிய சௌகரியம் என்று இன்று காலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஏதும் எழுதவில்லை, வெறும் பச்சை. அந்தப் பச்சைதான் இன்னொரு வம்பு. ஆரோக்கியத்துக்குப் பச்சை என்று மதியழகன் தேர்ந்தெடுத்திருக்கிறான். கோயம்புத்தூர்ப் பையன், நகரத்துப் பிள்ளை. தை மாதம், பூசத்துக்கு நாலு நாள் இருக்கையில், பழனி ரோட்டில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா. முன்னாலும் பின்னாலும் பச்சை வேட்டி, பச்சைச் சேலை, காவடி, கொட்டு, அரோகரா. காலையிலிருந்து எத்தனை பேர் இவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். தண்ணி குடிங்க சாமி, ஆரஞ்சு தின்னுங்க சாமி, இப்படி நெழல்ல உக்காருங்க சாமி. சாமி இல்லீங்க என்று முதல் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது ஆளிலிருந்து விட்டுவிட்டாள். ஒரு பெரியவர் மட்டும் இவள் காலைப் பார்த்து, செருப்புப் போட்டுட்டுப் போறீங்களே சாமி, இது என்ன நடை என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது, இது பெங்களூரிலிருந்து மகள் வாங்கி அனுப்பின ஷூ, விலை சொன்னால் நீங்கள் மயக்கம் போட்டு விழுவீர்கள் என்றா. வலது கால் சுண்டுவிரலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. வெறுங்காலோடு வருகிற அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு போகிறார்கள், இத்தனை விலை ஷூவில் இவளுக்குக் கொப்புளம். சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து நரம்பு இழுபடுகிறது. இழுபட்ட இடத்தில் அது உருண்டது. உருண்டதா, நழுவியதா. நழுவினால் கொழுப்புக்கட்டி, நழுவாமல் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றது என்று அடுத்த கட்டிலில் இருந்த தாராபுரத்து அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த அம்மா இப்போது இல்லை.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சென்னியப்பன். கட்டின நாளிலிருந்து இவளுக்கு முன்னால் நடந்தே பழகிய மனுஷன், இன்றைக்குத் தண்ணீர் பாட்டில், சாத்துக்குடி, வலித் தைலம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு மாட்டிக்கொண்டு மாடு ஓட்டுகிற வேகத்தில் பின்னால் வருகிறான். அவன் கண்ணுக்கு நேரே அந்தச் சொல் இருக்கும். வழி நெடுக அதைப் படித்துக்கொண்டுதானே வர வேண்டும். நேற்று இந்தச் சட்டையை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, பேரு போட்டுக்கறதுன்னா சும்மாவா என்று தோப்பில் தேங்காய் உரிக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினான். பெருமை அவனுக்குத் தாங்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது. மரத்தடியில் படுத்தவன் அவன்தான். இவளுக்கு அது ரொம்ப நாள் தெரியாது. லாட்ஜில தங்கிக்கறேன் புள்ள, நீ கண்டதையும் நெனைக்காத என்று சொல்லிவிட்டுப் போவான், காலையில் குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டு வந்து நிற்பான். எங்கே குளித்தான் என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு நாள் வார்டைக் கூட்டிப் பெருக்குகிற பெண்தான், உங்க ஊட்டுக்காரரு நேத்து மழைக்குப் பாவம், ஆம்புலன்ஸ் நிறுத்தற எடத்துல ஒண்டிட்டு நின்னாருங்க என்று சொன்னாள். நியூஸ் பேப்பரை விரித்து வேப்பமரத்தடியில் படுத்திருக்கிறான். செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தும் யாரோ அதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் இவள் அழுதாள். மார்பை எடுக்கிறோம் என்று சொன்னபோது அழாதவள், செருப்பு போனதைக் கேட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். மறுபடியும் அவனை அந்த மரத்தடிக்கு அனுப்ப வேண்டுமே என்பதுதான் இப்போது நினைப்பில் நின்றது. சாவைவிட அதுதான் முதலில் வந்தது. இல்லை, அது பொய். சாவுதான் முதலில் வந்தது, பிறகு அதை மரத்தடிக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டாள். அதுவும் முழு உண்மை இல்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன, எதை எடுத்து எதன்மேல் வைத்தாலும் கனம் குறையவில்லை.

போகி அன்று வீடு கழுவி, தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டும்போது விரலில் தட்டியது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எப்படிச் சொல்வது, மறுநாள் பொங்கல், மகள் வருகிறாள். பொங்கல் போகட்டும் என்று விட்டாள். மாட்டுப்பொங்கல் அன்று மகள் கிளம்பும்போது சொல்ல வாயெடுத்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிறகு மதியழகன் தேதி குறித்துவிட்டான். தேதி குறித்த பிறகு சொன்னால், கட்டி வந்துவிட்டது என்று பயந்து நடையை நிறுத்திவிட்டாள் என்பார்கள், கொடுத்தவர்கள் எல்லாம் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள், கூடம் வெறும் பேச்சாகப் போகும். நடந்து முடித்த பிறகு சொல்லலாம். முடித்த பிறகு சொன்னால் ஏமாற்றிவிட்டாள் என்பார்களே. தெரிந்துகொண்டேதான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தாள் என்பார்கள். தெரியாது என்று சாதிக்கலாம். ஆனால் விரலுக்குத் தெரியுமே. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வரலாம், வரும், அப்போது இத்தனை நாள் பட்டதெல்லாம் வீண் கூத்து. ஒன்றும் இல்லை என்று வருமென்று அத்தனை நிச்சயம் இருந்தால் போய் எடுத்திருக்கலாமே. எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று தன்னைத்தானே கேட்டு, கேட்ட வேகத்தில் நடையைக் கூட்டினாள். தண்ணீர் கலந்த பாலைக் கொண்டுவருகிறவர்களும் இப்படித்தான், தண்ணீர் அளவு காட்டுகிற கண்ணாடிக் குழாயைப் பார்க்காமல் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை எத்தனை கேவலமாக நினைத்திருக்கிறாள். கொட்டுக்காரர்கள் கடந்து போனார்கள், கற்பூர வாசனையும் டீசல் புகையும் கலந்து வந்தன. மொச்சைதான். துவரை இல்லை, மொச்சையேதான். தொடாமலே தெரிந்தது.

சாமிநாதபுரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நிற்கக் கூடாது என்று நினைத்தவளைச் சென்னியப்பன் ஹாரன் அடித்து நிறுத்தினான். “ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போ புள்ள, மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது.” வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு மோர் வாங்க அவனே போனான். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு இவள் நின்றாள். அப்போது முதுகுப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் ஒரு பெண், மகள் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது சொல்லலாம், ஆனால் தலை தாயின் தோளில் துவண்டு கிடந்தது. ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, அதில் திருநீறு. “சாமி, எம் புள்ளைக்குக் கொஞ்சம் துண்ணூறு பூசி உடுங்க” என்றாள். துளசிமணி காலையில் முதலில் சொன்னதுபோல, “நான் சாமி இல்லீங்க கண்ணு, சட்டைதான் பச்சை. வேற யாராச்சும் காவடி வருவாங்க, அவங்கள்ட்டக் கேளு” என்றாள். அந்தப் பெண் நகரவில்லை. “இல்லீங்க, நீங்க பூசோணும். காலைல இருந்து பாத்துட்டேதான் நிக்கறேன். வர்றவங்க எல்லாம் வேண்டிக்கிட்டுப் போறவங்க. நீங்க வேண்டுதல் பலிச்சுப் போறவங்க. முதுகுல எழுதியிருக்குதுல்லங்க, வென்றவள்னு. பலிச்ச கையில பூசினாத்தானுங்க புடிக்கும். ரெண்டு வயசாச்சு, இவளுக்கு இன்னும் கழுத்து நிக்கலீங்க.” அவள் கெஞ்சவில்லை. ரேஷன் கடையில் முறைப்படி தன் பங்கைக் கேட்கிறவளைப் போல நின்று கேட்டாள்.

பூசிவிட்டுப் போய்விடலாம். ஒரு விரல் திருநீறு, ஒரு நிமிஷம். அமெரிக்காக்காரனிடமிருந்து வாங்கியாயிற்று, ஆஸ்பத்திரியில் கைதட்டு வாங்கியாயிற்று, இந்தச் சின்னப் பெண்ணிடம் மட்டும் என்ன புதிதாக நியாயம். கையைத் தட்டுவரை கொண்டும் போனாள். குழந்தையின் கழுத்து இவளுக்கு நேரே இருந்தது, மெல்லிய நரம்பு ஒன்று அதில் துடித்தது. இந்தக் கழுத்தில் பொய்யைத் தடவ முடியாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது, கை நின்றுவிட்டது, அவ்வளவுதான். வாய் தானாகச் சொன்னது. “பலிக்கலீங்க கண்ணு. எனக்குப் புத்துநோய். போயிருச்சுன்னு சொன்னாங்க. மறுபடியும் வந்திருக்குது. கழுத்துல வந்திருக்குது.” இத்தனை நாள் உள்ளே வைத்து உருட்டிக்கொண்டிருந்த வார்த்தை வெளியே கேட்கும்போது சாதாரணமாக இருந்தது, பஸ் வந்திருச்சு என்று சொல்வதுபோல. அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள் என்று துளசிமணி எதிர்பார்த்தாள். இழுக்கவில்லை. “அதுக்கென்னங்க, நோவில்லாதவங்க யாரு இந்த ரோட்டுல நடக்கறாங்க” என்றாள். “பூசுங்க, கை நோகுது.” துளசிமணி பூசினாள். அள்ளியது கூடிப்போய், திருநீறு உதிர்ந்து குழந்தையின் கண்ணில் விழுந்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பெண் கண்ணை ஊதி ஊதிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று பந்தலுக்குள் போய்விட்டாள்.

சென்னியப்பன் இரண்டு டம்ளர் மோரோடு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, ஆனால் கேட்டுவிட்டான், முகம் சொன்னது. டம்ளர்களைப் பந்தல் பெஞ்சின் மேல் சிந்தாமல் வைத்தான். “என்ன சொன்ன அந்தப் புள்ளைகிட்ட?” அவள் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்தாள். “எங்க?” என்று பக்கத்தில் வந்தான். ஜனங்கள் போய்க்கொண்டிருக்கிற ரோட்டோரத்தில், பட்டப்பகலில், அவன் விரலைப் பிடித்து அவள் தன் கழுத்துக் குழியில் வைத்தாள். தேங்காய் உரித்துக் காய்த்துப்போன விரல். “ஒண்ணுந் தெரியலயே” என்றான், அந்தக் குரலில் இருந்த ஆசையை அவளால் தாங்க முடியவில்லை. விரலை நூலளவு நகர்த்தி அழுத்தினாள். அவன் அப்படியே நின்றான். விரலை எடுக்கவும் இல்லை. “எப்பருந்து?” “போகில இருந்துங்க.” அவன் முகம் ஒரேயடியாகக் கறுத்தது. “போகிக்குப் பாத்ததத் தைப்பூசத்துக்குச் சொல்ற. அதுவும் ரோட்டுல போறவகிட்ட. நானு எதுக்கு இருக்கறன், தண்ணி பாட்டல் தூக்கறதுக்கா?” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இப்படிக் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. திட்டத் திட்ட அவளுக்கு மூச்சு இலேசாக வந்தது. இன்னும் திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. ஆனால் அவனுக்குத் திட்டவும் அதிகம் தெரியாது. சீக்கிரமே தீர்ந்துபோய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “செரி. இன்னுங் கொஞ்சந் தூரந்தான். இத்தன தூரம் நடந்துட்ட. முடிச்சுட்டே போலாம். நாளைக்குக் காத்தால மொத பஸ்ஸுக்குக் கோயமுத்தூரு போயிரலாம்.” அவளுக்காகத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. பழனி மலை அந்தப் பக்கம் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது, கை நீட்டினால் தொட்டுவிடலாம்போல. முடித்துவிடலாம். முடித்துவிட்டு என்று சொல்லிச் சொல்லித்தான் பொங்கல் போனது, மாட்டுப்பொங்கல் போனது, இதோ பூசமும் வரப்போகிறது. முடித்துவிட்டு என்கிற அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு முதல்முறையாக உடம்பெல்லாம் பயம் ஏறியது, ஒளித்து வைக்க எதுவும் பக்கத்தில் இல்லாத பயம். “நாளைக்கு வேண்டாங்க. இப்பவே போலாம்” என்றாள். “அந்தப் பையன் மதியழகன் மலையடிவாரத்துல மாலையோட நிக்கறானாமே?” “போன் போட்டுக் குடுங்க, நானே சொல்லிக்கறேன்.” மதியழகன் எடுத்ததும், அக்கா, எங்கக்கா வந்துட்டீங்க, எல்லாரும் லைவ்ல காத்துட்டு இருக்காங்கக்கா என்றான். “தம்பி, நான் சாமிநாதபுரத்தோட நிறுத்திக்கறேன். எனக்குக் கட்டி மறுபடியும் வந்திருக்குது. பொங்கலுக்கு முன்னாலயே தெரியும், சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போறேன். இதையே எல்லாருக்கும் சொல்லிருங்க, ஒண்ணையும் மாத்தாம சொல்லுங்க. குடுக்கறவங்க குடுக்கட்டும், வேண்டாங்கறவங்களுக்குத் திருப்பிக் குடுத்துருங்க.” மதியழகன், அக்கா என்று மட்டும் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டாள்.

மொபெட் வந்த வழியே திரும்பியது. கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க எதிரே வந்துகொண்டிருந்தது. காவடி, கொட்டு, தோளில் குழந்தைகள், ஊன்றுகோல் பிடித்த ஒருவர். எல்லோரும் பழனியைப் பார்க்க, இவர்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். கால் வலி இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. கூடம் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது, ஸ்கேன் அறையின் குளிர் நினைப்பில் வந்தது, தாராபுரத்து அம்மா வந்தாள், எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. அவள் எதையும் அடக்கவில்லை. “எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றாள். காற்றில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாள். அமராவதிப் பாலம் ஏறியதும் அவன் வேகத்தைக் குறைத்தான். “எனக்குந்தான் புள்ள” என்றான். “கெட்டியாப் புடிச்சுக்க.” அவள் பிடித்துக்கொண்டாள்.